யோசுவா இல்லாத அணிப்படம்

அனுப்புநர்:
திருமதி ஜெயமலர் தியாகலிங்கம்
(அமரர் செ. யோசுவாவின் மகள்),
டோர்செட் பார்க், ஸ்காபரோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
நெடுங்கரை மிஷன் கல்லூரிப் பழைய மாணவர் சங்கம்,
கனடாக் கிளை.

பொருள்: 1938ஆம் ஆண்டு அமெரிக்க உதைபந்தாட்ட அணியின் படத்திலிருந்து என் தகப்பனார் அழிக்கப்பட்டமை குறித்தும், அப்படத்தை ஊருக்கு அனுப்புவதை நிறுத்தக் கோரியும்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் நமது சங்கத்தின் ஆயுட்கால உறுப்பினர். ஆண்டு விருந்துக்கு நுழைவுச்சீட்டு விற்பவளும், விருந்து முடிந்தபின் மிஞ்சிய புரியாணியை யார் கொண்டுபோவது என்ற சண்டையைத் தீர்த்து வைப்பவளும் நானே. ஆகவே என்னைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். என் தகப்பனாரைத் தாங்கள் அறியமாட்டீர்கள். இனி எவருமே அறியாதிருக்க ஏற்பாடு நடந்திருக்கிறது. அதனாலேயே எழுதுகிறேன்.

2. நம் கல்லூரிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஹார்லன் என்ற ஆசிரியர், உலகப் போருக்குச் சற்று முன், தம் நாட்டு உதைபந்தாட்டத்தை மாணவர்களுக்குப் பழக்கினார். பெயர்தான் உதைபந்தாட்டம், பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதே அதில் அதிகம். பதினொரு பேர் கொண்ட அணி. தலைக்குத் தோல் தொப்பி, காலுக்கு ஒன்றுமில்லை. அயலிலிருந்த இரண்டு கல்லூரிகளையும் அவரே கெஞ்சி அணி சேர்க்க வைத்தார்.

3. அந்த ஆட்டத்தில் நடுவில் நிற்பவர் குனிந்து, தன் கால்களுக்கிடையால் பந்தைப் பின்னுக்கு எறிவார். பின்னால் நிற்பவர் அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு ஓடுவார். ஒவ்வொரு முறையும் ஆட்டம் இப்படித்தான் தொடங்கும். அதற்கு முன் எல்லோரும் வட்டமாக நின்று, தோளில் தோள் கோத்து, தலையோடு தலை சேர்த்து இரகசியம் பேசவேண்டும். நடுவில் நின்றவர் என் தகப்பனார். பின்னால் நின்று பந்தை ஏந்தியவர் மகேசன். நமது சங்கச் செயலாளர் திரு. பிரியந்தனின் பாட்டனார் அவர்.

4. என் தகப்பனார், தொடக்கூடாதென்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். வகுப்பில் எல்லோரையும் ஒரே வாங்குப் பலகையில் இருத்தியதற்கே பெற்றோர் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் மறித்த காலத்தில், தோளில் கைபோட்டு நின்ற அந்தப் பதினொரு பேரையும் ஊர் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைத் தாங்கள் ஊகிக்கலாம்.

5. முதல் ஆட்டத்தில் படுதோல்வி. இரண்டாவதில் வெற்றி. மூன்றாவது ஆட்டத்துக்கு மைதானத்தில் இறங்கிய எதிரணியினர், யோசுவா வெளியே இருந்தால்தான் விளையாடுவோம் என்றார்கள். ஹார்லன் ஆசிரியர் நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாராம். மகேசன்தான் முதலில் வாய் திறந்தார்: “அவன் இல்லாட்டி எனக்கு ஆர் பந்து தாறது?” பிறகு பதினொருவரும் வழக்கம்போல வட்டம் கட்டினார்கள். எதிரணி திரும்பிப் போய்விட்டது. அத்துடன் அந்தப் பருவம் முடிந்தது. அடுத்த ஆண்டு போர் வந்தது, ஆசிரியர் ஊர் திரும்பினார், ஆட்டமும் போனது. விளையாடாமல் விட்ட அந்த மூன்றாவது ஆட்டத்தைத்தான் என் தகப்பனார் சாகும்வரை ‘நாங்கள் வென்ற மட்ச்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

6. கடந்த மார்கழியில் திரு. பிரியந்தன் என் வீட்டுக்கு வந்து, சங்க மலருக்காக, ஆட்டம் தொடங்கும் நிலையில் பதினொருவரும் நிற்கும் அணிப்படத்தை, என் தகப்பனார் வைத்துவிட்டுப் போனதை, கேட்டார். அக்கா, அக்கா என்று வாய் நிறைய அழைத்தார். புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டார். அவருடைய பாட்டனாரின் பெருமை அவருக்குத் தெரியவேண்டுமே என்ற ஆசையில், மேலே உள்ள கதை முழுவதையும் நானே சொன்னேன். கேட்டு அவர் கண் கலங்கினார். அந்தக் கண்ணீரை நம்பிப் படத்தைக் கொடுத்தேன்.

7. ஆண்டு விருந்தில், மண்டப வாசலில் அந்தப் படம் ஆளுயரத்தில் நின்றது. என் மகள் நிரூபாதான் முதலில் கண்டாள். “அம்மா, அம்மப்பா எங்க?” என்றாள். என் தகப்பனார் குனிந்து நின்ற இடத்தில் புல் முளைத்திருந்தது. கணினியில் அவரை அழித்துவிட்டுப் புல்லால் நிரப்பியிருந்தார்கள். மலரிலும் பத்துப் பெயர்களே இருந்தன.

8. செயலாளரிடம் கேட்டேன். என் தகப்பனார் குனிந்து நிற்பதால் முகம் தெரியவில்லை என்றார். அது பொய். என் தகப்பனார் குனிந்திருந்தாலும் தலையை நிமிர்த்திக் கமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைச் சொன்னதும் செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “உங்கட நன்மைக்குத்தான் அக்கா. ஆக்கள் ஆர் எவர் எண்டு விசாரிக்கத் தொடங்கினா, நாளைக்குப் பிள்ளையின்ர கலியாணத்துக்கும் கரைச்சல்.” சங்கத்துக்கு அள்ளிக் கொடுக்கும் சிலருக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்றும் சொன்னார். அந்தச் சிலர் யாரென்று நான் கேட்கவில்லை. அவர்களுக்கும் நான்தான் நுழைவுச்சீட்டு விற்றிருப்பேன்.

9. இங்கே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு நான் உதைபந்தாட்டக் கதையை மட்டுமே சொல்லியிருந்தேன். செயலாளர் அவர்களின் அக்கறையால், சாதி என்றால் என்னவென்று மறுநாள் அவளுக்கு விளக்க நேர்ந்தது. ஐயா, எதிரணி செய்ய முடியாமல் போன வேலையை, கூட நின்றவரின் பேரனே செய்து முடித்துவிட்டார்.

10. அந்தப் படம், கனடாக் கிளை ஊரில் கட்டிக்கொடுத்திருக்கும் விளையாட்டு மண்டபத்தில் மாட்டுவதற்காக அடுத்த மாதம் அனுப்பப்படவுள்ளதாக அறிகிறேன். அதைத் தடுத்து நிறுத்தி, என் தகப்பனார் நிற்கும் உண்மைப் படத்தை, பதினொரு பெயர்களுடன் அனுப்பிவைக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் கேட்கிறேன். என் மகளின் கலியாணத்தைப் பற்றிச் சங்கம் கவலைப்படவேண்டாம் என்பது அவளுடைய வேண்டுகோள்.

11. முடிவெடுக்குமுன் தாங்கள் அந்தப் படத்தின் முன்னால் ஒருமுறை நின்று பார்க்கவேண்டும். என் தகப்பனாரைத் தேடவேண்டாம். அவர் அங்கே இல்லை. மகேசனைப் பாருங்கள். இரு கைகளையும் நீட்டியபடி, வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு, பந்து வருமென்று அவர் இன்னமும் காத்து நிற்கிறார். அவர் பேரனுக்காக இல்லாவிட்டாலும், அவருக்காகவாவது என் தகப்பனாரைத் திருப்பி அந்த இடத்தில் விடுங்கள்.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
ஜெயமலர் தியாகலிங்கம்
(ஒப்பம்)

இடம்: ரொறன்ரோ
திகதி: 14 பெப்ரவரி 2025