யாரும் பேசாவிட்டால்

ஜூலை 2, ஞாயிறு

அடிஸ் அபாபாவில் மழை விடவில்லை. உள்ளே கம்பளிச் சட்டை, மேலே ஸ்வெட்டர், அதற்கும் மேலே தூதர் கொடுத்த பழைய கோட்டு. தீவில் பிறந்த உடம்புக்கு இந்த மேட்டுநிலக் குளிர் எழுபத்தொரு வயதிலும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருந்தவனை ஏன் திரும்பக் கூப்பிட்டார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் தலைமை இந்த ஆண்டு கொமொரோஸுக்கு வந்துவிட்டது. எங்கள் தூதரகத்திலோ தூதரையும் சேர்த்து மூன்றே பேர். பழைய தீர்மானங்களின் வாசகம் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். வாசகம் தெரியும். மற்றதெல்லாம்?

மாலையில் மச்சான் தொய்ஹிர் ஊரிலிருந்து அழைத்தார்.

"என்ன மாப்ள, கண்டத்துக்கே தலைமை தாங்குறியாமே! இங்க நம்ம சதுக்கத்துல வாயத் திறக்க உனக்கு உரிமை இல்ல, ஞாபகம் இருக்கா? ஊரக் கூட்டிப் பெரிய கல்யாணம் நடத்துற வரைக்கும் நீ எங்களுக்குச் சின்னப் பையன்தான். வந்தா பசங்களோட கடைசிப் படியில உட்காரு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சொல்வது உண்மை. மணமான பிறகும் ஊருக்கே விருந்து வைத்து நடத்த வேண்டிய அந்தப் பெரிய கல்யாணத்துக்குச் சேர்த்து வைத்தது மகள் ஹிசானியின் படிப்புக்குப் போயிற்று. அவள் அம்மா அதற்காக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை; இறக்கும்வரை சொல்லவில்லை. ஊர் சொன்னது. நரைத்த தலையோடு பையன்கள் நடுவில் உட்கார்ந்து, பெரியவர்கள் பேசி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பழகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அது சௌகரியமாகவும் இருந்தது.

ஜூலை 4, செவ்வாய்

தூதருக்குச் சிறுநீரகக் கல். நைரோபியில் அறுவை சிகிச்சை. போகும்போது சொன்னார்: "ரெண்டே வாரம், பாக்கர். அதுவரைக்கும் நீங்கதான் பொறுப்பு. ஒண்ணும் நடக்காது."

ஏன் அப்படிச் சொன்னார்? வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டு அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம் போலிருந்தது.

ஜூலை 7, வெள்ளி

ஹிசானியின் கணவன் சைதியே அழைத்தான். போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க ஒன்றியம் அனுப்பிய பார்வையாளர்களில் நம் நாட்டிலிருந்து ஆறு பேர், அவன் ஒருவன். ஒரு துறைமுக ஊர். பெயரை இங்கேகூட எழுத வேண்டாம். இரண்டு படைகளுக்கும் நடுவில் இவர்களுடைய முகாம். ஒரு வேலி, இரண்டு வெள்ளை வண்டி, ஒரு கொடி.

பின்னால் குழந்தைகளின் சத்தமும் கோழிகளின் சத்தமும் கேட்டது. என்ன அது என்று கேட்டேன்.

"ஜனங்க மாமா. வேலிய ஒட்டி வந்து தங்கிட்டாங்க. எங்க கொடி தெரியுற வரைக்கும் சுட மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. நாலாயிரம் பேர் இருக்கும். ஹிசானிகிட்ட இதெல்லாம் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. கதவைத் தாழிட்டேனா என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். தாழிட்டுத்தான் இருந்தது.

ஜூலை 10, திங்கள்

ஒன்றியச் செயலகத்திலிருந்து தீர்மான வரைவு வந்துவிட்டது. அந்தத் துறைமுகத்தைப் பற்றித்தான். பார்வையாளர்கள் "தற்காலிகமாக, ஒழுங்கான முறையில்" திரும்பப் பெறப்படுவார்கள். வெள்ளிக்கிழமை விமானம். தலைமை நாடு என்ற முறையில் நம் பெயரிலேயே எல்லா நாடுகளுக்கும் போயிருக்கிறது. வாக்கெடுப்பு கிடையாது, மௌன நடைமுறை. வியாழன் மாலை ஐந்து மணிக்குள் எந்த நாடும் ஆட்சேபித்து எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று பொருள். ஒரே ஒரு நாடு ஒரு வரி எழுதினால் போதும், வரைவு நின்றுவிடும்.

வேலிக்கு வெளியே இருப்பவர்களைப் பற்றி வரைவில் ஒரு சொல்கூட இல்லை. விட்டுப்போயிற்றா? விடப்பட்டதா? இந்த மாதிரி வாசகங்களோடு வாழ்நாள் முழுக்க இருந்திருக்கிறேன். "ஒழுங்கான முறையில்" என்று எழுதியிருந்தால் யாரோ பயந்துபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது என்ன? மகிழ்ச்சி. சைதியே வந்துவிடுவான். அப்புறம்தான் கோழிச் சத்தம் நினைவுக்கு வந்தது.

ஜூலை 11, செவ்வாய்

ஹிசானி அழைத்தாள். செய்தி அவளுக்கு எட்டியிருக்கிறது. குரலே மாறிவிட்டது.

"அப்பா, வெள்ளிக்கிழமை ஏத்திடுவாங்கல்ல? நான் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டேன். பிள்ள தினம் கேக்குறான்."

"ஏற்றிவிடுவார்கள்" என்றேன்.

"யாரும் நடுவுல கெடுத்துட மாட்டாங்களே? உங்க கையில ஒண்ணும் இல்லையே?"

இல்லை என்றேன். பொய்யா அது? இத்தனை நாடுகள் இருக்கின்றன. பெரிய நாடுகள், படை வைத்திருக்கும் நாடுகள், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் நாடுகள். யாராவது எழுதுவார்கள். அப்படி யாரும் எழுதவில்லையென்றால் எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றுதானே ஆகிறது. தன் பெயரில் போன வரைவைத் தலைமை நாடே ஆட்சேபிப்பதா? நான் பார்த்ததில்லை. சிரிப்பார்கள். சிரித்தால் பரவாயில்லை, நம்மைப் போன்ற சின்ன நாட்டிடம் அவர்கள் சிரிப்போடு நிறுத்திக்கொள்வதில்லை.

இரவு சரியாகத் தூங்கவில்லை.

ஜூலை 12, புதன்

ஒன்றியத்தின் கட்டடத்தில் காலைக் கூட்டம். வேறு விஷயம். முடிந்ததும் சின்ன நாடுகளின் பிரதிநிதிகள் சிலர் காபிக்கு உட்கார்ந்தோம். துறைமுகத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. மழையைப் பற்றிப் பேசினோம். எனக்கு மனது லேசாயிற்று. எங்கள் சதுக்கத்தில் அப்படித்தான். பேச உரிமையுள்ளவர்கள் பேசாமல் இருந்தால் விஷயம் முடிந்தது, எழுந்து போகலாம். சரி, இவர்களுக்கெல்லாம் சம்மதம்.

படியிறங்கும்போது லெசோத்தோக்காரர் திசெலிசோ என் முழங்கையைப் பிடித்தார்.

"எப்ப எழுதப் போறீங்க?"

"எதை?"

"என்னய்யா எதைங்கறீங்க! ஆட்சேபணைய. நாளைக்கு அஞ்சு மணியோட கெடு முடியுது."

"நானா? நீங்கள் யாராவது..."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தலைமை நாற்காலியில உட்கார்ந்திருக்கறது யாரு? நீங்க வாயத் திறக்காம நாங்க எப்படி முந்திரிக்கொட்ட மாதிரி நீட்டுறது? அங்க நீங்க உம்முன்னு உட்கார்ந்திருந்தீங்க. சரி, கொமொரோஸுக்குச் சம்மதம் போலன்னு எல்லாரும் மழையப் பத்திப் பேசுனோம்."

நான் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எழுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக நான் பேசாமல் இருந்தது கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது. வண்டியில் வரும்போது ஜன்னலை இறக்கச் சொன்னேன்.

சைதியேயை அழைத்தேன். அழைத்திருக்கக் கூடாது.

"வண்டியக் கழுவி நிறுத்தச் சொல்லிட்டாங்க மாமா. அதப் பாத்ததுமே வெளிய இருக்கறவங்க சட்டி பானையக் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க போவீங்கன்னு ஒரு அம்மாகிட்ட கேட்டேன். நீங்க போற பக்கமாங்கிறாங்க. நாங்க மேல பறக்கப்போறோம்னு நான் எப்படி மாமா சொல்றது?"

"நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டேன்.

யாரையோ வேலியை விட்டு நகரச் சொன்னான். அப்புறம், "எனக்கு வீட்டுக்குப் போகணும் மாமா" என்றான். அப்புறம், "ஆனா என்னைக் கேக்காதீங்க" என்றான்.

ஜூலை 13, வியாழன்

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. ரொட்டி இறங்கவில்லை.

தலைநகர் மொரோனிக்குப் பேசினேன். அமைச்சர் விமானத்தில் இருக்கிறார், இறங்க இரவாகும். அமைச்சகச் செயலாளர் கமாருத்தீன்தான் எடுத்தார். வரைவைப் படித்திருக்கிறார். "ரெண்டு பெரிய நாட்டுலேர்ந்து ஃபோன் வந்துது. வரைவு பிரமாதம்னாங்க. ரொம்பப் பிரமாதம்னாங்க. எனக்கே பயமாப் போச்சு. பொறுப்புல இருக்கறது நீங்க, பாக்கர் ஐயா. உங்க புத்திக்குப் பட்டதச் செய்யுங்க."

என் புத்திக்குப் பட்டது! இப்படி ஒரு உத்தரவு எனக்கு இதுவரை வந்ததேயில்லை.

மதியம். ஒரு வாக்கியம் எழுதினேன். "வேலிக்கு வெளியே உள்ளோரின் பாதுகாப்புக்கு ஏற்பாடு இல்லாத நிலையில் கொமொரோஸ் இந்த வரைவை ஏற்க இயலாது." அடித்தேன். "வருத்தத்துடன்" என்று சேர்த்தேன். அதை அடித்தேன். சரியாகத்தான் இருக்கிறது. வாக்கியத்தில் பிழை இல்லை. பிழை என்னிடம்தான். என்ன செய்யப்போறேன் நான்? அந்தப் பொண்ணு வெள்ளையடிச்சு வச்சிருக்கா. பேரன் வாசல்ல நிப்பான். நானே அவன் அப்பன அங்க நிறுத்தி வைக்கிறதா? அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா? ஐயோ—

நாலு மணிக்குமேல் எங்கள் தூதரகத்தின் உள்ளூர்ச் செயலர் வொயின்ஷெத் என் வாக்கியத்தைக் கணினியில் ஏற்றி வைத்துவிட்டு, அறை மூலையில் காபி வறுக்க உட்கார்ந்துவிட்டாள். இந்த நேரத்திலா என்றேன். "பெரிய முடிவ வெறும் வயித்துல எடுக்கறது உங்க ஊர் வழக்கமா ஐயா? எங்க ஊர்ல கிடையாது" என்றாள். முதல் சுற்று குடித்தேன். இரண்டாவது சுற்றும் குடித்தேன். எழுந்தேன். "மூணாவது குடிக்காம எழுந்திரிச்சா வீட்டுக்கு ஆகாது, உட்காருங்க" என்று அதட்டினாள். உட்கார்ந்தேன்.

மூன்றாவது சுற்று மிகவும் நீர்த்திருந்தது. தெருவில் மழையில் யாரோ சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

"அனுப்பட்டுமா?"

தலையாட்டினேன்.

"தலையாட்டினா ஆகாது. நாளைக்கு என்கிட்ட கேப்பாங்க. வாயால சொல்லுங்க ஐயா."

ஊர்ச் சதுக்கத்தின் கடைசிப் படி நினைவுக்கு வந்தது.

"அனுப்பு" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

இரண்டு நிமிடத்தில் லெசோத்தோவும் எழுதியது. பிறகு இன்னும் மூன்று நாடுகள். ஐந்து அடித்தபோது நான் கழிவறையில் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, வெள்ளி

விமானம் போகவில்லை.

இரவு மொரோனியில் இறங்கிய அமைச்சர் ஒன்றும் சொல்லவில்லையாம். கமாருத்தீன் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று கேட்டேன். "எனக்கும் தெரியல" என்றார்.

ஹிசானி அழைத்தாள். அழுகையில் பாதி புரியவில்லை. "எவனோ ஒருத்தன் கடைசி நேரத்துல எழுதிக் கெடுத்துட்டானாம்ப்பா. எந்தப் பாவிப்பா அது? உங்களுக்குத் தெரியாம இருக்காதே!"

இணைப்பு சரியில்லை என்றேன். இணைப்பு நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 19, புதன்

சைதியேயிடமிருந்து அழைப்பு இல்லை.

ஜூலை 20, வியாழன்

இல்லை. வொயின்ஷெத் இன்று என்னோடு வேடிக்கை பேசவில்லை.

ஜூலை 22, சனி

பேசினான். உயிரோடு இருக்கிறான். வேலிக்கு அருகே குண்டுகள் விழுந்திருக்கின்றன. நம் ஆறு பேரில் ஒருவருக்கு, முவாலித் தீவுக்காரர் அப்துவுக்கு, முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பது வயது.

அன்று வாக்கியத்தைச் சரிபார்த்தபோது எல்லாச் சொல்லையும் எடைபோட்டேன். இந்தக் காலை நான் எடைபோடவில்லை. போட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை.

அப்து யாரென்று எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைத் தெரியாது. தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

புதிய வரைவு. அதில் வேலிக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு முழுப் பத்தி இருக்கிறது. கப்பல் வரும், கடைசி ஆள் ஏறும்வரை பார்வையாளர்கள் இருப்பார்கள். இந்த முறை யாரும் எழுதவில்லை. ரெண்டு வாரம் என்று போன தூதர் ஒரு மாதம் கழித்துத் திரும்பிவிட்டார். மெலிந்திருக்கிறார். "ஒண்ணும் நடக்காதுன்னு சொல்லிட்டுப் போனேன்ல?" என்றார். வரைவை அவர் மேசையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கப்பல் கிளம்பிவிட்டது. சைதியே குரல் பதிவு அனுப்பியிருக்கிறான். காற்றின் சத்தம் மட்டும்தான். கோழிகள் இல்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு. ஊர்

விடுமுறையில் வந்திருக்கிறேன். வெயில். ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

வெள்ளியன்று சதுக்கத்துக்குப் போனேன். கடைசிப் படியில் பையன்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். வழக்கம்போல.

இன்று மதியம் ஹிசானி விருந்து வைத்தாள். தேங்காய்ப்பாலில் மரவள்ளிக் கீரை, சுட்ட மீன், சோறு. சைதியேயும் தொய்ஹிர் மச்சானும் நானும் பாயில் உட்கார்ந்தோம். சைதியேயின் தலை முன்பக்கம் நரைத்துவிட்டது. முகாமைப் பற்றி அவனாக எதுவும் பேசவில்லை. மச்சான்தான் தோண்டினார்.

"முதல்ல உங்கள ஏத்த வந்த விமானத்த நிறுத்துனது எந்த நாடுய்யா?"

"தெரியல மாமா. எங்ககிட்ட சொல்லல. அந்த ஆளப் பாத்தா கையப் பிடிச்சு முத்தம் குடுப்பேன். அந்த ஜனங்களுக்காக."

"அப்துகிட்டப் போய்ச் சொல்லு இத" என்றாள் ஹிசானி. கையில் சோற்றுத் தட்டு. "நான் பாத்தா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். உன் வீட்டு ஆம்பள அங்க இருந்திருந்தா எழுதியிருப்பியாடான்னு."

யாரும் பேசவில்லை. மச்சான் மீனில் முள்ளெடுத்துக்கொண்டிருந்தார். அப்படியே விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது வேறு எதையாவது ஆரம்பித்திருப்பார்கள். மழையைப் பற்றி, மீன் விலையைப் பற்றி. எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டில் வைத்துக்கொண்டேன்.

"இருந்தான் அம்மா" என்றேன். "எழுதினேன்."

மச்சான் முள்ளைக் கீழே வைத்தார். சைதியே என்னைப் பார்த்தான். எழுந்து வரவும் இல்லை, கையைப் பிடிக்கவும் இல்லை. பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஹிசானி உள்ளே போனாள். சமையலறையில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வந்தாள். சைதியேக்குச் சோறு வைத்தாள். மச்சானுக்கு வைத்தாள். என் தட்டுக்கு முன்னால் கரண்டியோடு கொஞ்சம் நின்றாள். பிறகு வைத்தாள். கொஞ்சம்தான்.

இப்போது எல்லோரும் உறங்கிக்கொண்டிருக்கிறார்கள், பகல் தூக்கம். அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள எனக்குத் துணிவில்லை.