நாவல்பழக் கண்டக்டர்

ஜூன் 2, திங்கள்

சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள் என்றார் டாக்டர். எழுதுகிறேன். காலை: இட்லி நான்கு, டீ ஒன்று, சர்க்கரை இல்லாமல். கழுநீர் மாதிரி இருந்தது. மதியம்: சோறு, கத்திரிக்காய்க் குழம்பு. இரவு: சப்பாத்தி இரண்டு. மாத்திரை காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

வெறும் வயிற்றில் 186, சாப்பிட்ட பிறகு 274. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேவைக்கு மேல் மார்க் வாங்கியிருக்கிறேன், ஐம்பத்தோரு வயதில். என் வீட்டுக்காரி பொன்னி அழுதாள். இதில் அழ என்ன இருக்கிறது? இருபத்து மூன்று வருடமாகக் கீழ்பென்னாத்தூர் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்க்கிற உடம்பு இது. மூன்று மாதத்தில் சர்க்கரையை இறக்கிக் காட்டுகிறேன். பரசுராமன் சொன்னால் சொன்னதுதான்.

ஜூன் 7, சனி

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நாவல்பழம் வந்துவிட்டது. கூடையில் கருகருவென்று. உப்புப் போட்டுக் குலுக்கி ஒரு பொட்டலம் வாங்கினேன். திருவண்ணாமலை வந்து சேருவதற்குள் காலி. நாக்கு ஊதா. டிக்கெட்டும் ஊதா.

வீட்டில் சிந்துஜா போனில் தேடி வாசித்துக் காட்டினாள். மற்ற பழங்களைப் போலச் சட்டென்று சர்க்கரையை ஏற்றாதாம். இரும்புச்சத்து உண்டு, ஈறுக்கு நல்லது, வயிற்றுக்கு நல்லது, தோலுக்குப் பளபளப்பு. "கொட்டையையும் காயவெச்சிப் பொடி பண்ணுவாங்களாம்ப்பா" என்றாள். கொட்டைகளைக் கழுவி மாடியில் காயப்போட்டேன்.

மாத்திரை இரண்டு.

ஜூன் 15, ஞாயிறு

சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன். கன்னத்தில் ஒரு மினுமினுப்பு. பிரமை இல்லை, டிரைவர் அருள்ராஜும் நேற்றுச் சொன்னான்: "இன்னாண்ணா, மூஞ்சி தகதகன்னு இருக்குது? பேஷியல் பண்ணிக்கினியா?" பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதும் நின்றிருக்கிறது.

சிந்துஜா பழச் சதையைத் தயிரோடு பிசைந்து முகத்தில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பருவுக்காம். அந்தக் கோலத்தைப் பார்த்துக் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் பயந்துபோனான். தலையணை உறையில் கறை. பொன்னி என்னைத்தான் திட்டினாள்.

காலை: நாவல்பழம் ஒரு கை. இட்லி மூன்று. மாத்திரை. மாலை: பழம். இரவு: கேழ்வரகு அடை, கொட்டைப்பொடி மோரில். மாத்திரை.

ஜூன் 23, திங்கள்

128!

வெறும் வயிற்றில் நூற்று இருபத்தெட்டு! மூன்று மாதம் கேட்டேன், மூன்று வாரம் போதுமாயிருந்தது. லேப் ரிசல்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். வேங்கிக்கால் தாண்டுவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கலெக்டர் ஆபீஸ் போகிறவர்கள், பால்காரர், காலேஜ் பெண்கள், எல்லோரிடமும் காட்டினேன். ஆளாளுக்கு விசாரித்தார்கள். எத்தனை பழம், எப்போது சாப்பிட வேண்டும், கொட்டைப்பொடி எவ்வளவு. எனக்கும் சொல்லி மாளவில்லை. "நாவல்பழக் கண்டக்டர்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்

பூக்கார ஆதிலட்சுமியம்மா இன்று தனியாக வந்து கேட்டார். தினமும் முதல் டிரிப்பில் பூக்கூடையோடு ஏறுவார், பின் படிக்கட்டுக்கு அடுத்த சீட். கோயில் பக்கம் உட்கார்ந்து விற்பார். ஒன்பது வருடமாகச் சர்க்கரையாம், எனக்கு இதுவரை தெரியாது.

"மாத்திரை தின்னு தின்னு வயிறு பொருமுதுண்ணா. நெசமாவே பழத்தாலதான் எறங்கிச்சா?"

"பின்ன? என் மூஞ்சியப் பாருங்கம்மா, தெரியல?"

பையிலிருந்து கொட்டைப்பொடி ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாத்திரை இரண்டு. இட்லி மூன்று.

ஜூலை 10, வியாழன், பௌர்ணமி

கூட்டமான கூட்டம். ஸ்பெஷல் பஸ் நான்கு டிரிப். எழுத நேரமில்லை. சாப்பிட்டது என்னவென்றே நினைவில்லை. மாத்திரை போட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

ஆதிலட்சுமியம்மா நேற்று மதியமே கிரிவலம் போனாராம். சாயந்திர வியாபாரத்துக்கு முன்னால் சுற்றிவிட வேண்டும் என்று, வெறுங்காலோடு. பதினான்கு கிலோமீட்டர், வெயிலில் தார் ரோடு.

"சுடலையாம்மா?"

"சுடவே இல்லண்ணா. பஞ்சு மேல நடந்த மாதிரி இருந்திச்சி. எல்லாம் உங்க பழந்தான்."

பெருமையாக இருந்தது. அருள்ராஜிடமும் சொன்னேன்.

ஜூலை 16, புதன்

மூன்று நாளாக முதல் டிரிப்பில் ஆதிலட்சுமியம்மா இல்லை. மழையும் இல்லை, விசேஷமும் இல்லை. உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பார்.

பழ சீசன் முடியப் போகிறது. கொட்டைப்பொடி இரண்டு டப்பா சேர்த்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆதிலட்சுமியம்மா ஊர் வெள்ளையம்மாள் இன்று ஏறினார். நான் விசாரித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"ஆஸ்பத்திரியில கிடக்குது பாவம். சுகருல காலு மரத்துப் போயி, கொப்புளம் வந்ததே தெரியல அதுக்கு. ஒரு விரல் கறுத்துப் போச்சி. சுகர் நானூறுக்கு மேலயாம். மாத்திரைய நிறுத்திட்டிருக்கு."

அதற்குப் பிறகு யாருக்கு எந்த ஊர் டிக்கெட் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வேங்கிக்காலில் இறங்க வேண்டியவரை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டேன்.

நான் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்லவே இல்லை. சொன்னேனா?

ஜூலை 19, சனி

போய்ப் பார்த்தேன். காலில் கட்டு. முகம் வற்றிப் போயிருந்தது. பழக்கத்தில் ஒரு பொட்டலம் நாவல்பழம் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். வார்டு வாசலில்தான் உறைத்தது. எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

நர்ஸம்மா வந்து கட்டைப் பிரித்தபடியே கேட்டார்: "ஒம்போது வருஷம் ஒழுங்கா போட்ட மாத்திரைய ஏம்மா நிறுத்துனீங்க? எந்தப் புண்ணியவான் சொன்னான்?"

ஆதிலட்சுமியம்மா என்னைப் பார்த்தார். யூனிஃபார்மோடு நிற்கிறேன். பொட்டலத்திலிருந்து சாறு இறங்கி விரலெல்லாம் ஊதா.

"யாரோ பஸ்ஸுல பேசிக்கினாங்க" என்றார்.

காட்டிக் கொடுக்கல. என்னைக் காட்டிக் கொடுக்கல. கொடுத்திருந்தா நல்லா இருந்திருக்கும். நர்ஸம்மா நாலு வார்த்தை திட்டியிருப்பாங்க, வாங்கிக்கினு வந்திருப்பேன். இப்ப யார்கிட்ட போய் வாங்குறது?

ஜூலை 20, ஞாயிறு

இந்த நோட்டைத் திரும்பப் படித்தேன். ஒவ்வொரு நாளும் என் கையெழுத்திலேயே இருக்கிறது: மாத்திரை இரண்டு, மாத்திரை இரண்டு. பஸ்ஸில் நாற்பது பேரிடம் பழத்தைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஒருவரிடமாவது மாத்திரையைப் பற்றி வாய் திறந்தேனா? இல்லை. ஏன்? மாத்திரை போட்டுச் சர்க்கரை இறங்கியது என்றால் எவன் நின்று கேட்பான்? பழம் தின்று இறங்கியது என்றால்தான் பேச்சு. எனக்குப் பேச்சு வேண்டியிருந்தது.

பொன்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். "அவங்க, 'கண்டக்டருக்கு மட்டும் பழம் வேலை செஞ்சிது, எனக்கு செய்யல'ன்னு நெனச்சிக்கினு கிடப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

மறுபடி போனேன். சொன்னேன்.

"அப்ப நீங்க போட்டுக்கினேதான் இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"டெய்லி?"

"ரெண்டு வேளையும்."

"போங்கண்ணா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஜூலை 22, செவ்வாய்

விரலை எடுத்துவிட்டார்கள். வலது கால், சுண்டுவிரல். பாதத்தைக் காப்பாற்றியாயிற்று என்றாராம் டாக்டர்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. மாத்திரை மட்டும்.

ஜூலை 28, திங்கள்

எனக்கு இன்று டாக்டரிடம் முறை. நேராகவே கேட்டேன், நாவல்பழம் வீணா என்று. சிரித்தார். "அருமையான பழம்ங்க. ஒரு கைப்பிடி தாராளமா சாப்பிடுங்க. ஆனா அது சாப்பாட்டுல சேர்த்தி, வைத்தியத்துல சேர்த்தி இல்ல. உங்களுக்கு எறங்குனது மாத்திரையால, சோத்தைக் குறைச்சதால. இட்லியில ஒண்ணு குறைஞ்சிதே, அதுக்கும் பங்கு உண்டு." கொட்டைப்பொடியையும் இனித் தன்னைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது என்றார்.

மாலை டிரிப்பில் டிக்கெட் எல்லாம் போட்டு முடித்த பிறகு நடுவில் நின்றேன். தொண்டை எனக்கு எப்போதும் கடைசி சீட் வரைக்கும் போகும்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. எனக்கு சுகர் எறங்குனது பழத்தால இல்ல. நான் டெய்லி ரெண்டு மாத்திரை போடுறேன். அதை உங்ககிட்ட சொல்லாம விட்டேன். தப்பு. என் பேச்சைக் கேட்டு யாராவது மாத்திரைய நிறுத்தியிருந்தா இன்னைக்கே டாக்டரைப் போய்ப் பாருங்க."

சில பேர் சிரித்தார்கள். ஒருவர் "அப்ப பழம் வேஸ்டா?" என்றார்.

"பழம் நல்ல பழம். நான்தான் பாதியைச் சொன்னேன்."

இறங்கும்போது பால்காரர் என் காதருகே வந்தார். அவரும் பத்து நாளாகப் போடவில்லையாம். அங்கேயே படிக்கட்டில் வைத்துத் திட்டினேன். நாளைக்கு டாக்டரிடம் போய்விட்டு வந்து சீட்டைக் காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 29, செவ்வாய்

பால்காரர் சீட்டைக் காட்டினார். காலை டிரிப், மாலை டிரிப் இரண்டிலும் மறுபடி அதையே சொன்னேன். ஒரு வாரம் விடாமல் சொல்வேன். ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆட்கள் ஏறுகிறார்களே.

செப்டம்பர் 4, வியாழன்

ஆதிலட்சுமியம்மா வியாபாரத்துக்கு வரத் தொடங்கிவிட்டாராம். என் பஸ்ஸில் இல்லை. எனக்குப் பின்னால் வரும் பஸ்ஸில். இன்று எங்கள் பஸ் புறப்படும்போது ஸ்டாப்பில் நின்றிருந்தார், கூடை பக்கத்தில். கண்டும் காணாதது மாதிரி வேறு பக்கம் பார்த்தார்.

அருள்ராஜ் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "நேரம் எடுக்கும்ணா" என்றான்.

எடுக்கட்டும். நான் எங்கே போகப் போகிறேன்? இதே ரூட், இதே டிரிப்.

செப்டம்பர் 22, திங்கள்

ஏறினார்! பின்னால் வரும் பஸ் பிரேக் டவுன். வேறு வழியில்லாமல்தான் ஏறினார், இருந்தாலும் ஏறினார். காலில் மெத்தென்று ஒரு புதுச் செருப்பு, லேசாகச் சாய்ந்து நடக்கிறார். கூடையை நான் வாங்கி வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிக்கெட்டை நீட்டினபோது என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மாத்திரைய நிறுத்தணும்னு எனக்கே ரொம்ப நாளா ஆசை. நீங்க சொன்னது அதுக்குத் தோதா போச்சி. அதுக்குன்னு உங்க மேல தப்பு இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாதீங்கம்மா."

"சொல்ல மாட்டேன்" என்றார் மறுபடியும்.

பிறகு கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகை கிள்ளி, "பொண்டாட்டிக்குக் குடுங்க. அவங்கதான் உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்கன்னு வெள்ளையம்மாகிட்ட சொன்னீங்களாமே" என்றார். எனக்கில்லை, பொன்னிக்கு. சரிதான்.

இன்று வெறும் வயிற்றில் 119. யாரிடமும் காட்டவில்லை. பொன்னியிடம் மட்டும்.

டிசம்பர் 2, செவ்வாய்

நாளை தீபம். ஊரே தலைகீழாக இருக்கிறது. விடியற்காலையிலிருந்து ஸ்பெஷல் டிரிப். படிக்கட்டு வரைக்கும் ஜனம். ஆதிலட்சுமியம்மா இரண்டு கூடையோடு ஏறினார். அவருக்கு ஒரு சீட் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்: "மாத்திரை?"

"இட்லி துன்னேன், போட்டேன். நீங்க?"

விசிலை வாயில் வைத்தவன் எடுத்துவிட்டேன். டிபன் சாப்பிட்டேன். அவசரத்தில் மாத்திரையை மறந்திருக்கிறேன். சட்டைப் பையில்தான் இருக்கிறது.

"ஸ்டாண்டு போய்ப் போட்டுக்கிறேம்மா."

"ஸ்டாண்டு போனா கூட்டத்துல மறந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? இப்பப் போடுங்க." மடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து நீட்டினார். முன்னால் இருந்து அருள்ராஜ் ஹாரன் அடிக்கிறான். பின்னால் நிற்கிற பஸ்ஸும் அடிக்கிறது. "போலாம் ரைட்!" என்று யாரோ கத்துகிறார்கள். அந்தம்மா பாட்டிலை இறக்கவே இல்லை.

பஸ் முழுக்கப் பார்க்க, போட்டு விழுங்கினேன். அதற்குப் பிறகுதான் விசில் கொடுத்தேன்.