வதனியின் மஸ்டாங்

18 ஒக்டோபர் 1997, சனிக்கிழமை, வெக்ஸ்போர்ட்

மச்சாள் வதனிக்கு ஒரு மஸ்டாங் சொந்தமாகிவிட்டது, நிஜமான அமெரிக்கக் காட்டுக் குதிரை, அவளுக்கு, எனக்கில்லை!

மஸ்டாங் என்றால் என்னவென்று அவளுக்குச் சொன்னதே நான். இன்டர்நெட்டில் குதிரைக் குழுவே கதியென்று கிடந்து, போன் லைனைப் பிடித்துவைத்ததற்கு அம்மாவிடம் ஏச்சு வாங்குவதும் நான். வதனி ஊருக்கு வெளியே மார்க்கம் பக்கம் ஒரு பண்ணையில் சாணி அள்ளப் போனவள். யாரையும் அண்டவிடாத குதிரை அவளிடம் மட்டும் வந்ததாம். பண்ணைக்காரர் அவளுக்கே கொடுத்துவிட்டார்.

இன்று என்னையும் கூட்டிப்போனாள். வேலிக்குள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, தன்பாட்டில் புட்டுச் சாப்பிட்டாள். குதிரையைப் பார்க்கவேயில்லை. நான் கரட்டை நீட்டியபடி கண்வெட்டாமல் பார்த்தேன். அது பின்வாங்கியது.

"உப்பிடி முழுசாதையடி. நீ தன்னைத் தின்னப்போறாய் எண்டு நினைக்குது."

"எனக்குத் தெரியும்!" என்றேன். உண்மையிலேயே தெரியும். அதையும் அவளுக்குச் சொன்னது நான்தான்.

முதுகைக் காட்டி நின்றேன். காலடி கேட்டது. என் கழுத்தில் சூடான மூச்சுப் பட்டது. நான் அசையவில்லை. பிறகு அது என்னைத் தாண்டிப் போய் வதனியின் தோளில் மூக்கை வைத்தது.

"பாத்தியே, உன்னட்டையும் வந்தது," என்றாள் அவள், பெரிய மனசோடு.

வீட்டுக்கு வந்ததும் குழுவுக்கு எழுதினேன்: 'என் மஸ்டாங் இன்னொருத்தியிடம் போகிறது. என்ன செய்யலாம்? யாராவது பதில் போடுங்கள்.' 'என்' என்பதை அழித்தேன். திரும்பவும் போட்டேன். அனுப்பிவிட்டேன்.