வடிதாளில் தங்கியது

ஜூன் 11, 2024

புரோத்ராபூர் ரெங்கம்மாவின் கறவை மாடு காலையில் செத்துவிட்டது. கால்நடை டாக்டர் கோவிந்தராஜ் தீவின் வடகோடியில் மாயாபந்தர் முகாமில் இருக்கிறார். எதனால் செத்தது என்று அறுத்துப் பார்க்க ஆளில்லை. பித்தத்திலிருந்து கோலிக் அமிலம் பிரிப்பதுதான் என் ஆய்வு. புதைக்கும் முன் பித்தப்பையை மட்டும் நானே அறுத்து எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கூச்சமாக இருந்தது. இருந்தும் கேட்டேன்.

“எடுத்துக்கோங்க மேடம். மண்ணுக்குப் போறதுதானே.”

அழுதுகொண்டே வாளியும் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூன் 12

பித்தத்தை வடிகட்டினேன். கரும்பச்சை, நல்ல கெட்டி. வடிதாளில் இலை வடிவத்தில் ஆறேழு தட்டைப் புழுக்கள். தாளோடு சுருட்டிக் குப்பையில் போட்டேன். காரம் சேர்த்துக் கொதிக்க வைத்தாயிற்று.

ஜூன் 21

அமிலம் ஊற்றியதும் பிசின்போலத் திரண்டது. கழுவி, படிகமாக்கி, தகட்டில் ஏற்றிப் பார்த்தேன். பெரிய புள்ளி, ஒப்பிட வைத்த சுத்தமான கோலிக் அமிலத்தின் உயரத்திலேயே நின்றது. நாள் முழுக்கச் சந்தோஷம். உறுதிசெய்ய மாதிரியைக் கடல் தாண்டி மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும்.

ஜூலை 9

ரெங்கம்மா போன் செய்தாள். மிச்சமிருக்கும் ஒரே மாடு, சினைமாடு, தீவனத்தைத் தொடவில்லையாம்.

“தாடைக்குக் கீழ பை மாதிரி தண்ணி கோத்திருக்கு மேடம்.”

அந்தப் புழுக்கள். இரண்டு மாடும் ஒரே சதுப்பில்தானே மேய்ந்தன?

ஜூலை 10

முகாமிலிருந்து திரும்பி மாட்டைப் பார்த்த டாக்டர் என்னிடம் கேட்டார்: “முதல் மாட்டுப் பித்தத்துல ஈரல் புழு ஏதாவது பார்த்தீங்களா?”

“கவனிக்கல சார்.”

சாணத்தைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார். முடிவு வர மூன்று நாளாகும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யாருக்குப் பயந்து?

ஜூலை 12

இரண்டு நாளாக மனசு தாங்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே நளினி.”

மருந்தோடு உடனே கிளம்பிப் போனார்.

ஜூலை 13

மாடு போய்விட்டது. வயிற்றில் இருந்த கன்றும்.

வாயத் தொறந்து ஒரு வார்த்தை — அவ்வளவுதானே.

ஆகஸ்ட் 27

மெயின்லேண்ட் அறிக்கை வந்தது. கோலிக் அமிலமேதான். தூய்மை தொண்ணூற்றேழு சதவீதம். என் ஆய்வு வழிகாட்டி ஹரிஹரன் சார் கை கொடுத்தார்.

மாலையில் பஸ் பிடித்து ரெங்கம்மா வீட்டுக்குப் போனேன். புழுவைப் பார்த்தது, தூக்கிப் போட்டது, டாக்டரிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன்.

“அன்னிக்கே ஒரு வார்த்தை...” என்றாள். மாடில்லாத கொட்டகையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, “சலோ, சரி, உட்காருங்க. டீ போடறேன்,” என்று எழுந்தாள்.

பால் இல்லாத டீ.

“கப்பல் வரல மேடம். பால் பவுடர் தீந்துடுச்சு,” என்றாள், தப்பு தன்னுடையது என்பதுபோல.

குடித்துவிட்டு வந்தேன்.