குழாய்க்குள் தெரிந்த துவக்கு

மச்சாள்,

குளியலறைச் சுவரில் இருந்த காற்றாடியை இன்று காலை கழற்றினார்கள். மோட்டர் எரிந்துபோய்விட்டது. எலெக்ட்ரீசியன் அதை இழுத்தெடுத்தபோது அது பொருந்தியிருந்த குழாயின் ஓரத்திலிருந்து பழைய சீமெந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தத் தூசி மணம் மூக்கில் ஏறியதும் நான் கதவடிக்குப் போய்விட்டேன்.

"என்னக்கா, ஷொக் அடிக்குமெண்டு பயமா? மெயின நிப்பாட்டித்தான் வச்சிருக்கன்" என்றார்.

ஓமென்று தலையாட்டினேன். அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

உங்களுக்குத் தெரியும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, கல்லடியில் இருந்த நம் பழைய வீட்டின் குளியலறையில்தான் கடல் வந்த அன்று நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சன்னலை உடைத்துக்கொண்டு தண்ணீர் கறுப்பாகப் பாய்ந்தது. கதவைத் திறக்க முடியவில்லை. நீங்கள்தான் வெளியிலிருந்து தோளால் இடித்துத் திறந்து, என் தலைமயிரைப் பிடித்து இழுத்துப்போய் மாமரத்தில் ஏற்றினீர்கள். முற்றத்தில் நின்ற உங்கள் கணவரை அலை கொண்டுபோயிற்று.

அதே வளவில் புது வீடு கட்டியபோது, கடற்பக்கச் சுவரில் ஒரு துவாரமும் வேண்டாமென்று நான் அழுதேன். கட்டாரில் இருந்த என் கணவர், உங்கள் தம்பி, போனில் கோபித்தார். "அவள் வாழப்போற வீடு. அவள் சொல்ற மாதிரியே கட்டட்டும்" என்று நீங்கள் அவர் வாயை அடைத்தீர்கள். ஆனால் சன்னல் இல்லாத குளியலறையில் ஈரம் காயவே இல்லை. சுவரெல்லாம் பூஞ்சணம். உங்களுக்கு இழுப்பு வந்துவிட்டது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் குந்தியபடி மூச்சுக்காக நீங்கள் தவிப்பதைப் பார்க்க, கடலைவிட அது பெரிய பயமாய் இருந்தது. உங்கள் தம்பி ஊருக்கு வந்த ஒருவரிடம் ஈரக்காற்றை வெளியே தள்ளும் அந்தக் காற்றாடியைக் கொடுத்தனுப்பினார்.

வன்னியில் யுத்தம் முடிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. நம் பக்கத்திலும் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். கடற்பக்கச் சுவருக்கு நேரெதிரே, ஒழுங்கைக்கு அப்பால் ஆமியின் சென்றி, மண்மூட்டை அடுக்கிய காவலரண். மேசன் வந்து எட்டிப் பார்த்தார். "சென்றிக்கு நேர ஓட்டை போட என்னால ஏலாது, தங்கச்சி" என்று சைக்கிளைத் திருப்பிவிட்டார்.

"அப்ப நாமளே போடுவம்" என்றீர்கள்.

முதலில் சென்றிக்குப் போய், பெட்டியில் இருந்த காற்றாடியின் படத்தைக் காட்டி, கையைச் சுழற்றி விளங்கப்படுத்தினீர்கள். அங்கே நின்றவன் சிரித்துத் தலையாட்டினான். திரும்பி வந்து, காற்றாடி பொருந்தும் குழாயின் வாயைச் சுவரில் வைத்துப் பென்சிலால் வட்டம் கீறினீர்கள். நடுவில் இரவல் ட்ரில்லால் ஒரு துளை. அதை அடையாளமாக வைத்து வெளிப்பக்கமும் ஒரு வட்டம். உள்ளே கொஞ்சம், வெளியே கொஞ்சம் என்று மாறி மாறி உளியால் கொத்தினீர்கள். ஒரு பக்கத்தாலேயே கொத்தினால் மற்றப் பக்கத்துப் பூச்சுப் பிளந்துவிடுமாம். உளியில் சுத்தியல் விழும்போதெல்லாம் நான் கதவடிக்கு நகர்ந்தேன். கடலுக்குச் சுவர் திறக்கிறது என்பதைத் தவிர வேறொன்றும் மனதில் இல்லை.

"வெளிப்பக்கம் கொஞ்சம் பதிய நிக்கணும், மழைத்தண்ணி உள்ள வராது. நான் வெளியால பூசுறன், நீ உள்ளுக்க இருந்து தள்ளு" என்று சீமெந்துச் சட்டியோடு போனீர்கள். நான் குழாயைத் தள்ளினேன்.

அதற்குள் சென்றியில் ஆள் மாறிவிட்டது நமக்குத் தெரியாது.

சிங்களத்தில் ஒரு கத்தல். துவக்கை இழுத்து லோட் பண்ணும் சத்தம். குழாய்க்குள்ளால் பார்த்தேன். அந்த வட்டத்துக்குள் மண்மூட்டைகள் தெரிந்தன, அவற்றின் மேல் ஒரு துவக்கு. அது என் கண்ணுக்கு நேரே நின்றது. சுவரிலிருந்து நீண்டு வந்த குழாய் அவர்களுக்கு என்னவாகத் தெரிந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. என் கை அதை உள்ளே இழுக்கப் போனது.

"இழுக்காத புள்ள." சுவருக்கு அப்பாலிருந்து உங்கள் குரல், சோறு வடிக்கச் சொல்வதுபோல. "அசையாம நில்லு. நான் ரெண்டு கையும் உயர்த்திக்கொண்டு நிக்கிறன்."

மூன்று பேர் உங்களை முன்னே விட்டு உள்ளே வந்தார்கள். மூத்தவன் காற்றாடியைக் காலால் தட்டி, "இது போடு" என்றான். நாம் கொத்திக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருந்தது.

"கரண்ட் இல்ல தம்பி."

"பொய்!"

நீங்கள் காற்றாடியைத் தூக்கிக் குழாயின் வாயில் பிடித்தீர்கள். கடற்காற்று குழாய்க்குள் புகுந்தது. இறக்கைகள் மெல்ல அசைந்து, பிறகு தாமாகவே சுழன்றன. ஒருவன் சிரித்துவிட்டான். மூத்தவன் சிரிக்கவில்லை. காற்றாடியை விலக்கி, குழாயில் கண்ணை வைத்துப் பார்த்தான்.

"இங்க இருந்து நம்ம ஆள் தெரியுது."



"ஓம், தெரியுதுதான்" என்றீர்கள். "பூட்டினா மறுகா தெரியாது. நீங்களே நிண்டு பாருங்க."

அவன் நின்றான். துவக்கோடு அவன் பக்கத்தில் நிற்க, நீங்கள் ஒவ்வொரு ஸ்க்ரூவாக முறுக்கினீர்கள். ஒன்றுகூடக் கைதவறி விழவில்லை. முடிந்ததும் அவன் மறுபடி எட்டிப் பார்த்தான். இறக்கைகளும் மூடியும்தான் தெரிந்தன. போய்விட்டார்கள்.

கேற் சாத்தும் சத்தம் கேட்டதும் நீங்கள் ஈரத்தரையில் அப்படியே இருந்துவிட்டீர்கள். "காலுக்குள்ள ஒண்டுமில்ல புள்ள. தூக்கி விடு." உங்கள் உடம்பு முழுவதும் உதறிக்கொண்டிருந்தது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் எழுந்தீர்கள். உங்களுக்கும் பயம் உண்டு என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

யுத்தம் முடிந்தது. உங்கள் இழுப்பும் தணிந்தது. போன மாரியில், ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்த நீங்கள் எழும்பவில்லை.

இன்று எலெக்ட்ரீசியன், "அக்கா, குழாய் ஆடுது. வெளியால ஒருக்காப் பிடிச்சுக்கொண்டா உள்ளுக்கப் பூசிடுவன்" என்றார். இத்தனை வருடத்தில் அந்தச் சுவரடியில் நான் நின்றதே இல்லை. போனேன். சென்றி இருந்த இடத்தில் இப்போது யாரோ இளநீர் விற்கிறார்கள். இருந்தும் முதுகு கூசிக்கொண்டே இருந்தது. கால்களும் உதறின. அவர் உள்ளே இருந்து "சரி" என்று சொல்லும்வரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், மச்சாள்.