அழித்த ஒன்றரை அடி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணா,

அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? கேட்டால்தான் சொல்வாய்.

நான் வரைபடம் போடும் நூலகம் இன்னும் காகிதத்தில்தான் இருக்கிறது. கீழ்த்தளத்துக் காற்றை வெளியேற்ற உன் கம்பெனி விசிறியைத்தான் வைக்கிறோம். சுவர் எழும்பிய பிறகு வந்து தலையில் அடித்துக்கொள்வாயே, இந்த முறை முதலிலேயே கேட்கிறேன். பழுது பார்க்க எவ்வளவு இடம் வேண்டும்?

உன் தங்கை


ஜனவரி 15

தங்கச்சிக்கு,

பதினெட்டு வருஷமாக விசிறி விற்று, பழுதும் பார்க்கிறேன். வரைபடத்தோடு என்னிடம் வந்த முதல் ஆள் நீ. மற்றவர்கள் கட்டி முடித்துவிட்டு, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்பார்கள்.

விசிறிக்கும் சுவருக்கும் நடுவே மூன்று அடி விடு. என் தொப்பையையும் சேர்த்துத்தான். சிரிக்காதே. உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்ப வேண்டும்.

அண்ணிக்கு வலி தேவலை.

அண்ணன்


நவம்பர் 3

அண்ணா,

நூலகம் திறந்தாயிற்று. விழாவுக்கு நீ வரவில்லை. கோபமா? விசிறி அறைக்குப் போனாயா? எதுவாக இருந்தாலும் நேராகவே திட்டிவிடு.

தங்கை


நவம்பர் 11

தங்கச்சிக்கு,

உன்னை எதற்குத் திட்ட வேண்டும்? காலை நீட்டி உட்கார்ந்து பெல்ட் மாற்றினேன். மதியச் சாப்பாடும் அங்கேயே. எனக்காக யாரும் இவ்வளவு இடம் வரைந்ததில்லை.

எழுந்து வரத்தான் மனசே இல்லை.

அண்ணன்


டிசம்பர் 2

அண்ணா,

தினமும் அங்கே போகிறாய் என்று அண்ணி எழுதியிருக்கிறாள். ஒரு விசிறிக்குத் தினமும் என்ன வேலை?

ஒன்று சொல்ல வேண்டும். வாசிப்பறை பெரிதாக வேண்டும் என்று உரிமையாளர் ஒற்றைக்காலில் நின்றார். வரைபடத்தில் விசிறி அறைச் சுவரை உள்ளே நகர்த்திவிட்டேன். உன்னிடம் மறைத்தேன்.

நேற்று அங்கே போய் டேப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றரை அடி. எனக்கே பக்கவாட்டில்தான் நிற்க முடிந்தது. நீ எப்படி உட்காருகிறாய்?

மன்னித்துவிடு. இனி அங்கே போகாதே.

தங்கை


டிசம்பர் 5

தங்கச்சிக்கு,

அழாதே. நீ அளந்தது சரி. முதல் நாளே நானும் அளந்தேன்.

நான் உட்கார்ந்திருப்பது மீதி ஒன்றரை அடியில். நீ காகிதத்தில் அழித்தது. அழித்தால் எங்கே போகும்? இங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் குறைவு, மற்றபடி வசதி.

தரையில் உன் பென்சில் கோடு மங்கலாகத் தெரிகிறது. அதைத் தாண்டித்தான் தினமும் வீட்டுக்குப் போவேன். இன்று தாண்ட முடியவில்லை.

நாளைக்கு வருவேன் என்று அண்ணியிடம் சொல்.

அண்ணன்


டிசம்பர் 14

அண்ணா,

நீ வீட்டுக்கு வராமல் ஒன்பது நாள் ஆகிறது. உன் கடிதத்தை விசிறி அறைக் கம்பிவலைக்குக் கீழே காவலாளி கண்டெடுத்தார். அன்றே எழுதிய பதிலை அதே வலை வழியாக உள்ளே போட்டேன். தரையில் விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வரைபடத்தில் மூன்று அடியை மறுபடி வரைந்துவிட்டேன். வாசிப்பறையைக் காலி செய்தாயிற்று. கொத்தனார் சம்மட்டியோடு நிற்கிறார்.

"இடிச்சிடலாமாம்மா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். சுவருக்கு எந்தப் பக்கம் நீ இருக்கிறாய் என்று தெரியாமல் எப்படித் தலையாட்டுவேன்?

விசிறி நன்றாக ஓடுகிறது. பெல்ட் புதிது. எண்ணெய் ஈரம்கூடக் காயவில்லை.

அண்ணி சாப்பாட்டுப் பையோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள். விசிறியை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன், காது கேட்க வேண்டுமே.

ஒரு தட்டு தட்டு, அண்ணா. எந்தப் பக்கம் என்று மட்டும்.

தங்கை