வலது பக்கத்து ஆறு போல்ட்டுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு. வண்டியை லாரியிலிருந்து இன்னும் இறக்கவில்லை என்றால் இறக்காதே. இறக்கிவிட்டிருந்தால், சாவியை இந்தக் கடிதம் கொண்டுவரும் டயர் வேன்காரர் கையில் கொடுத்துவிட்டு மேலே படி. நாளைக் காலை மலைப்பாதையில் பந்தயத்துக்கு ஒத்திகை ஓட்டம் என்று தெரியும். அதில் நீ ஓட்டக் கூடாது. காலையிலிருந்து பதினேழு தடவை போன் செய்துவிட்டேன். எடுக்காவிட்டால் போகிறது, இதைப் படித்தால் போதும்.

நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. இந்த இரண்டு வரியை எழுத எனக்கு எவ்வளவு நேரமானது என்று உன் அத்தானைக் கேள், சிரித்துக்கொண்டே சொல்வார்.

பின்சக்கரத்துக்குப் போகும் வலது ஷாஃப்ட்டில், ரப்பர் உறைமேல் கறுப்பாக ஒழுகியிருந்தது அல்லவா? பார்த்ததுமே கிரீஸ் என்றேன். உறைக்குள் இருக்கும் மூட்டுக்கு வைக்கிற கிரீஸ், கிளிப் தளர்ந்து வெளியே வந்திருக்கிறது, புதுக் கிளிப் போட்டால் தீர்ந்தது என்றேன். இல்லையக்கா, கியர் பாக்ஸ் பக்கமிருந்து வருகிறது, வாசனையே வேறு என்று நீ தலைபாடாக அடித்துக்கொண்டாய். ஸ்டியரிங் பிடிக்கிறவன் ஸ்பானர் பிடிக்கிறவளுக்குப் பாடம் நடத்த வேண்டாம் என்று, பட்டறையில் அத்தனை பேர் முன்னாலும் உன்னை அடக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை.

நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும். எந்த வண்டியானாலும் அடிப்பக்கத்தைப் பிரஷர் தண்ணீரில் கழுவாமல் லிஃப்ட்டில் ஏற்ற விடமாட்டேன். வந்தவர்கள் மெச்சிக்கொள்வார்கள், நானும் பூரித்துப்போவேன். ஒழுக்கு எங்கே தொடங்கி எந்த வழியாக இறங்கியது என்று காட்டுகிற தடத்தை முழுக்க நானே கழுவிச் சாக்கடையில் விட்டேன். பிறகு உறையின் மடிப்பில் மிஞ்சிய துளிக் கறுப்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னேன். பெரிய மேதாவி!

கழுவுவதற்கு முந்தின நாளே நீ வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்து, இதைப் பாரு என்று காட்டினாய். பார்க்காமலே காலால் மூலைக்குத் தள்ளினேன். இன்று காலையில் உன் அத்தான் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்க உட்கார்ந்தவர், முட்டி வலிக்கிறது என்று அந்த அட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியாத மனுஷன், இது என்ன அழுகின முட்டை நாற்றம் என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். அட்டையில் இரண்டு விதக் கறை. ஒன்று விழுந்த இடத்திலேயே திட்டாக நின்ற கிரீஸ். மற்றது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஊறிப் பரவிய மெல்லிய எண்ணெய், அந்த நாற்றமடிக்கிற கியர் ஆயிலேதான். அதன் நடுவில் ஒட்டிக்கொண்டு, போல்ட் தளராமலிருக்கப் போடுகிற ஸ்பிரிங் வாஷர் ஒன்று, உடைந்து பாதி மட்டும்.

கியர் பாக்ஸோடு அந்த ஷாஃப்ட்டைப் பிடித்திருப்பது ஆறு போல்ட்டுகள். அதற்குப் பின்னால் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கிற ஆயில் சீல் போய்விட்டது. எண்ணெய் போல்ட்டுகள் மேலே இறங்கியிருக்கிறது. வாஷர் உடைந்து விழுந்திருக்கிறது என்றால் ஒன்றாவது தளர்ந்துதான் இருக்கும். கிளிப் மாற்றிய அன்று அந்த ஆறில் ஒன்றைக்கூட நான் ஸ்பானர் வைத்துத் தொட்டுப் பார்க்கவில்லை. கொண்டை ஊசி வளைவில் நீ ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது ஷாஃப்ட் கழன்றால்... எழுதக் கை வரவில்லை.

நான் பயமுறுத்துகிறேன் என்று நினைப்பாய். நீயே பார். பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்து, சக்கரம் தரையில் படக் கூடாது. வலது மூட்டைச் சுற்றி உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவு. அப்படியே விட்டு வை, எஞ்சினைப் போடாதே. இரண்டு மணி நேரம் கழித்துப் பவுடர் எங்கே முதலில் நனைகிறது என்று பார். உறைப் பக்கம் இல்லை, போல்ட் பக்கம்தான் நனையும். பிறகு ஆறு போல்ட்டையும் ஸ்பானரால் அசைத்துப் பார். என்மேல் இருக்கிற ஆத்திரத்தில் நீயாக முறுக்கிவிட்டு ஓட்டிவிடாதே. எண்ணெயில் ஊறிய போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது நிற்காது.

அம்மா காலையில் வண்டி நன்றாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினேன். பிறந்ததிலிருந்து அவளிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. இன்று அவள் கண்டுபிடிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் திகிலாக இருக்கிறது.

இனிமேல் எழுதப்போவதைப் படித்தால் உனக்கு வயிறு எரியும். பந்தயத்தின் பரிசோதனை அதிகாரிக்குப் போன் செய்து, என் பட்டறையில் பார்த்த வண்டி, தப்பு என்னுடையது, ஓட விடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எழுத்தில் கேட்டார். கையெழுத்துப் போட்டு இதே வேனில் அனுப்பியிருக்கிறேன். உன் பெயரை எடுத்துவிடுவார்கள். ஆனால் பரிசோதனை ஒத்திகைக்குப் பிறகுதானாம், ஒத்திகையைத் தடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஓட்டுநரைத் தேர்ந்தெடுக்க அந்தப் பெரிய அணிக்காரர்கள் வருவது இந்த ஒரு நாள்தான். இரண்டு வருஷமாக இதற்காகவே நீ உயிரை விட்டாய். அதை நான் கெடுத்துவிட்டேன், தெரிந்தே கெடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் கிடையாது.

என்னோடு பேசாதே. என் வாசல்படி மிதிக்காதே. எண்பது வயதிலும் பொக்கை வாயால் என்னைத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நீ இருக்கணும், கண்ணா.

இப்படிக்கு,
உன் அக்கா